கட்டினவன் அவிழ்க்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் நான்கு விரல்களை எடுத்தது மிஷின் இல்லை. நான்.

இதை முதலில் எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று வைத்திருந்தேன். எழுதிவிட்டேன். இனிக் கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மழை நாளில் மாமாவுக்குக் கை கடுப்பது குறைந்திருக்கிறதா? பாப்பாவுக்குப் பரீட்சை முடிவு வந்ததா? நான் உடம்புக்கு நன்றாக இருக்கிறேன். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பாப்பாவை இனிமேல் படிக்க வைக்க முடியாது, உன் கம்பெனியிலேயே சேர்த்துவிடு, தாய்மாமன் கண் பார்வையில் இருப்பாள் என்று எழுதியிருந்தாய். 'நீ திருந்தி ஆளான இடம், அவளும் அங்கேயே ஆளாகட்டும்' என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை மறுபடி படிக்க என்னால் முடியவில்லை. கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பிறகு அங்கிருந்தும் எடுத்து அலமாரியில் வைத்தேன்.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பாதுகாப்புப் பயிற்சியாளர் என்று எழுதினேன். நீ அதைத் தெருவெல்லாம் சொல்லியிருப்பாய். திங்கட்கிழமைதோறும் புதிதாகச் சேர்ந்தவர்களை மாடி அறையில் உட்கார வைப்பார்கள். இருபது பிளாஸ்டிக் நாற்காலி, சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு ஃபேன், சுவரில் ஒரு பெரிய படம். படத்தில் ஒரு இடது கை. கட்டைவிரல் மட்டும்தான் இருக்கும். கீழே சிவப்பு எழுத்தில், 'இவர் பாதுகாப்பு பட்டனைக் கட்டிவைத்து வேலை செய்தார். நீங்களும் செய்வீர்களா?' நான் ஒரு குச்சியால் அந்தக் கையைத் தொட்டுக் காட்டி, அவசரத்தாலும் அலட்சியத்தாலும் கெட்டுப்போன ஒருவருடைய கதையைச் சொல்வேன். இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனங்கள் உச்சுக் கொட்டுவார்கள் என்பதுகூட எனக்கு அத்துப்படி.

அது மாமாவின் கை, அக்கா. கட்டுப் பிரித்த அன்றைக்குக் கம்பெனி ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து, இன்சூரன்சுக்கு வேண்டும் என்று போட்டோ எடுத்தானே, அதே போட்டோ.

போன மாதம் ஒரு பெண் எழுந்து, "அவரு இப்ப என்ன சார் பண்றாரு?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்றேன். முந்தின நாள்தான் மாமா போனில் அரை மணி நேரம் பேசியிருந்தார். அவர் இப்போது டோக்கன் கொடுக்கிற சைக்கிள் ஸ்டாண்டில் ஒருத்தன் டோக்கனை மாற்றிக் கொடுத்து இன்னொருத்தன் வண்டியை எடுத்துப் போய், இரண்டு நாள் ஓட்டின பிறகு பெல் சத்தம் வேறாக இருக்கிறதே என்று திரும்பி வந்த கதையைச் சொல்லிச் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு காதில் இருக்கும்போதே தெரியாது என்று சொன்னேன்.

இப்போது பாப்பா அந்த நாற்காலியில் வந்து உட்கார வேண்டும் என்கிறாய். மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் அந்த ஒற்றைக் கட்டைவிரலில் பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்து அதோடு பேசிக்கொண்டிருந்தவள் அவள். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் சொல்லிவிடுகிறேன். நீ அந்த மிஷினைப் பார்த்ததில்லை. பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன் இருக்கும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை இருக்காது. அதுதான் அதன் கணக்கு. ஆனால் அப்படி வேலை செய்தால் ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு தகடுதான் அடிக்க முடியும். எங்களிடம் கேட்டது ஆயிரத்து எண்ணூறு. கேட்டவன் எங்கள் போர்மேன். ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நிற்பான், அதனால் அவனுக்கு ஸ்டாப்வாட்ச் என்றே பெயர். ஆகவே எல்லாரும் சைக்கிள் ட்யூபை அறுத்து இடது பட்டனை அமுக்கிக் கட்டிவிடுவோம். வலது கை பட்டனில், இடது கை தகடு வைக்க. ஸ்டாப்வாட்சுக்கும் தெரியும். பழைய ட்யூப் வாங்கி வந்து ஸ்டோர் ரூமில் போட்டு வைத்ததே அவன்தான்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. கட்டினவன் அவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்த ஷிப்டுக்காரன் வரும்போது பட்டன் வெறுமனே இருக்க வேண்டும். வேண்டுமானால் அவன் தன் ரப்பரால் தானே கட்டிக்கொள்வான். எழுதி வைக்காத சட்டம். ஆனால் அதை மீறினவனோடு யாரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

நீங்கள் ஊரோடு போவதற்கு முன்னால், நாம் எல்லாரும் இங்கே ஒரே வீட்டில் இருந்த சமயம். அன்றைக்கு ராத்திரி ஷிப்ட் எனக்கு. காலை ஆறுக்கு மாமா அதே மிஷினுக்கு வர வேண்டும். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு நான் கிளம்பிவிட்டேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது. இரண்டு தடவை நகத்தால் பிராண்டிப் பார்த்தேன், வரவில்லை. அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. முந்திப் போனால் ஜன்னலோர சீட் கிடைக்கும், தலையைச் சாய்த்துத் தூங்கலாம். மாமாதானே, பார்த்து அவிழ்த்துக்கொள்வார் என்று போய்விட்டேன். பெரிய காரணம் எதையும் தேடாதே அக்கா. ஒரு சீட்டுக்காக.

மாமா வந்தபோது ஒரு தகடு அச்சில் சிக்கியிருந்தது. இடது கையை உள்ளே விட்டு எடுத்திருக்கிறார். உடம்பு சாய்ந்ததில் வலது கை பட்டனில் அழுந்தியது. இடது பட்டனை யாரும் தொடவில்லையே, அச்சு இறங்காது என்று அவர் நம்பினதில் ஒரு தப்பும் இல்லை. மற்றவர்கள் ஷிப்ட் முடித்துவிட்டுப் போனால் அவர் பட்டனைக் குனிந்து பார்ப்பார். "உனக்கு அடுத்து வரும்போது மட்டும் நான் பாக்கறதே இல்ல மாப்ள" என்று ஒரு தடவை என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் ஸ்டாப்வாட்ச் என்னை அறைக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். டீ வாங்கிக் கொடுத்தான். "ஒரு வீட்டுல ஒருத்தன் வேலைக்கு லாயக்கில்லாமப் போயிட்டான். இன்னொருத்தனும் வெளிய போகணுமா? யோசிச்சு சொல்லு, கட்டு யாரோடது?" நான் யோசித்தேன். டீ ஆறுவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். மாமாதான் கட்டியிருப்பார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமாவுக்கு அந்தக் காலை நேரமே ஞாபகத்தில் இல்லை. மயக்கத்தில் எல்லாம் அழிந்துவிட்டது. தினமும் கட்டுகிறவர்தானே. என் பேப்பரைக் காட்டியதும், "அப்ப நான்தான் கட்டியிருப்பேன்" என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, மீதியிருந்த கையால் கையெழுத்தும் போட்டார்.

கம்பெனி அயோக்கியக் கம்பெனிதான். ஆயிரத்து எண்ணூறு கேட்டவனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை, அவன் இப்போது மேனேஜர். அதையெல்லாம் எழுதப் பத்துப் பக்கம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்துப் பக்கத்துக்குப் பின்னால்தான் நான் ஆறு வருஷம் ஒளிந்துகொண்டிருந்தேன். குடித்ததும் அதற்காகத்தான். குடியை விட்டேன், சட்டை மடிப்புக் கலையாமல் போட்டேன், எல்லாரும் திருந்திவிட்டான் என்றார்கள். திருடின செருப்பைத் துடைத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டு நடந்ததற்கு அந்தப் பெயர்.

இந்தக் கடிதத்தை மாமாவிடம் வாசித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே. அவருக்கே நேராக எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. பாப்பாவை இங்கே அனுப்பாதே. அவள் படிப்பு என் பொறுப்பு.

மாமாவிடமிருந்து ஒரு டம்ளர் தவறி விழுந்தால், 'மிஷினுக்கே கையைத் தானம் பண்ணின வள்ளலாச்சே, டம்ளர் எம்மாத்திரம்' என்பாயே, அதை இனிச் சொல்லாதே. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் தம்பி


புதன்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதம் போய் மூன்று வாரம் ஆகிறது. நீ பதில் போடவில்லை. ஏழு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. உன் திட்டு எனக்குப் பழக்கம்தான். அம்மா போன பிறகு என்னைத் திட்டி வளர்த்தவள் நீதான்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை வகுப்பில் குச்சியை எடுத்தேன். படத்தைத் தொட்டேன். வாய் வழக்கம்போல் ஆரம்பித்துவிட்டது, 'அவசரத்தாலும்' வரை வந்துவிட்டது. அங்கே நிறுத்தினேன். "இந்தக் கை என் அக்கா வீட்டுக்காரரோடது. கட்டினது நான். அவிழ்க்காமப் போனதும் நான்" என்றேன். யாரும் உச்சுக் கொட்டவில்லை. முன் வரிசையில் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், வேறொரு கம்பெனி மூடி இங்கே வந்து சேர்ந்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உன்னை எதுக்குய்யா மேடையில நிக்க வச்சிருக்காங்க?" என்று கேட்டார். ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். பின்பக்கம் சுவரில் பல்லிமுட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஸ்டாப்வாட்ச் கூப்பிட்டான். இந்தத் தடவை டீ இல்லை. மனநிலை சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் லீவில் போ, திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றான். எழுதிக் கொடுக்கவில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வாட்ச்மேன் என் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டார். தினமும் எனக்கு சல்யூட் வைக்கிறவர். பார்க்கச் சொல்லியிருப்பார்கள். என் முகத்தைப் பார்க்காமல் பையை மட்டும் பார்த்தார்.

இப்போது இரும்பு அலமாரி செய்கிற ஒரு பட்டறையில் துளை போடுகிறேன். நான்கே பேர். முதலாளியும் எங்களோடு நின்றுதான் வேலை செய்கிறார். காதில் பென்சிலை வைத்துக்கொண்டு பென்சிலைத் தேடுகிற ஆள். பரவாயில்லை. முதல் நாளே அவரிடம் என் கதையைச் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன். கேட்டுவிட்டு, "சரி, அந்த டிரில்லுக்கு மூடி இல்ல, முதல்ல அதுக்கு ஒரு மூடி செய்" என்றார். செய்தேன். ஆறு வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அது என்று நினைக்கிறேன்.

தொழிலாளர் ஆபீசுக்கும் போனேன். நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த கிளார்க் பழைய ஃபைலைத் தேடி எடுத்து, மாமாவின் கையெழுத்தை விரலால் தட்டிக் காட்டினார். "பாதிக்கப்பட்டவரே என் தப்புதான்னு எழுதிக் கொடுத்திருக்காரே தம்பி. அவரு வந்து இல்லன்னு சொல்லட்டும். நீ சொன்னா இது வெறும் காகிதம்" என்றார். ஃபைல் மறுபடி உள்ளே போய்விட்டது.

அதனால்தான் நேற்று சைக்கிள் ஸ்டாண்டு போனுக்குக் கூப்பிட்டேன். மாமா எடுத்தார். அக்கா என் கடிதத்தைப் படித்துக் காட்டினாளா என்று கேட்டேன். "கடிதமா? எந்தக் கடிதம் மாப்ள?" என்றார்.

நீ காட்டவில்லை.

சரி என்று நானே சொன்னேன். பஸ், ஜன்னலோர சீட், முடிச்சு, பேப்பர், எல்லாம். நடுவில் ஒருத்தர் சைக்கிள் கேட்டு வந்தார். மாமா, "இரு மாப்ள" என்று டோக்கனை வாங்கி, வண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, "ம், சொல்லு" என்றார். சொல்லி முடித்தேன். சிரித்தார், அக்கா.

"போடா. எனக்காக ஏன்டா பொய் சொல்ற? நான் கட்டினது எனக்குத் தெரியாதா? வலது கையால இழுத்துப் புடிச்சு, பல்லால முடிச்சுப் போட்டேன். அந்த ரப்பர் வாடை இன்னும் வாயில இருக்கு."

நான் சத்தியம் செய்தேன். அவர் கேட்கவில்லை. உன் அக்கா படுத்துகிற பாட்டைப் பார்த்து உனக்கு மனசு கேட்கவில்லை, அதற்காகப் பழியை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே என்றார். வேலையை விட்டுவிடாதே, பாப்பா வர வேண்டிய இடம் என்றார். என் பொய்யைத் தன் ஞாபகமாக வைத்துக்கொண்டிருக்கிறார். அதில் வாடைகூட இருக்கிறது. நான் கொடுத்தது ஒரு பேப்பர்தான், மற்றதை எல்லாம் அவரே செய்து நிரப்பிக்கொண்டார்.

நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். நீ சொன்னால் நம்புவார். கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வை.

உன் தம்பி


வெள்ளிக்கிழமை

அக்காவுக்கு,

இன்னும் இரண்டு வாரம் போய்விட்டது. பதில் இல்லை. பாப்பாவிடமிருந்து மட்டும் ஒரு செய்தி வந்தது. ஒன்றாம் தேதி கிளம்புகிறாளாம், பெட்டி வாங்கியாகிவிட்டதாம். நான் அங்கே வேலையில் இல்லை என்று உனக்கு எழுதியும், ஸ்டாப்வாட்சுக்கே போன் செய்து இடம் கேட்டு வாங்கினாயாம். உடனே சரி என்றானாம். ஏன் சரி என்றான் என்று உனக்குத் தெரியாதா? அவள் அங்கே வேலையில் இருக்கும்வரை நம் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். படத்தை மறுபடியும் மாட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

முதல் கடிதத்தில் ஒன்றை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். என் தப்பை எழுதும்போது உன்னை இழுப்பது நியாயம் இல்லை என்று விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

மாமா தன் ரப்பர் துண்டுகளைச் சாப்பாட்டுப் பையின் பக்கத்து ஜிப்பில்தான் வைத்திருப்பார். அடுத்தவன் ரப்பரைத் தொட மாட்டார். அன்றைக்குக் காலையில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பை துவைத்துக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா டப்பாவைத் துணிப்பையில் எடுத்துப் போயிருந்தார். சமையலறை ஜன்னலில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், ஐந்து ரப்பர் துண்டு வரிசையாக இருந்தது. நீதான் பையிலிருந்து எடுத்து வைத்திருந்தாய். 'இன்னைக்கு மாமா நோகாம ரெண்டு கையாலயும் வேலை பாக்கப் போறாரு, ஸ்டாப்வாட்ச் தாளிக்கப் போறான்' என்று நான் சொன்னேன். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டே சிரித்தாய். பத்து நிமிஷம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தான்.

ஸ்டோர் ரூம் திறப்பது எட்டு மணிக்குத்தான். அன்றைக்கு மாமாவிடம் கட்டுவதற்கு ரப்பர் இல்லை. அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்தேன். ஜன்னல் துடைத்திருந்தது. உப்பு ஜாடி மட்டும் இருந்தது.

ஆறு வருஷமாக நீ என்னிடம் கேட்கவில்லை. நானும் உன்னிடம் கேட்கவில்லை. நான் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டேன் என்று வந்து சொன்ன அன்றைக்கு, நீ எனக்குச் சோறு போட்டாய். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்றாய். இரண்டு பேரும் தலை நிமிரவில்லை. ஒரு கை போன வீட்டில் இன்னொரு சம்பளமாவது நிற்கட்டும் என்று நினைத்திருப்பாய். நான் நீ தூக்கி வளர்த்தவன் என்று நினைத்திருப்பாய். அவரை நீ தினமும் குத்திக் காட்டினதுகூட, எங்கே நிறுத்தினால் உண்மை எழுந்து நிற்குமோ என்கிற பயத்தில்தானோ என்று இப்போது தோன்றுகிறது. உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எனக்காகத்தான் செய்தாய். அதனால்தான் கூசுகிறது, தின்ற ஒவ்வொரு பிடி சோறும்.

ஆனால் அவர் பாவம், அக்கா. செய்யாத ஒன்றை நினைத்து நினைத்து, வாயில் ரப்பர் வாடையோடு டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பாப்பாவும் நாளைக்கு அந்த அறையில் உட்கார்ந்து, அப்பாவின் கையைப் பார்த்து, அவர் தப்புதான் என்று படித்துக்கொள்வாள். அதற்குப் பிறகு நாம் என்ன சொன்னாலும் எடுபடாது.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. கடிதத்தைக்கூட நீ படித்துக் காட்ட வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல். அதை உன் வாயால் கேட்டால் அவர் நம்பியே ஆக வேண்டும். இந்தக் கவருக்குள் என் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டிய இன்னொரு கவர் வைத்திருக்கிறேன். சொல்லிவிட்டால் அதை வெறுமனே ஒட்டி அனுப்பினாலும் போதும், புரிந்துகொள்வேன்.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அன்றைக்கு ஜன்னலில் என்ன இருந்தது என்று அவரிடம் சொல், அக்கா.

உன் தம்பி